இரண்டாம் நாள் ஊசி

காலை ஏழு மணிக்குத் தறியில் உட்கார்ந்த ராஜவேலு, ஒன்பது மணிவரை நான்கு விரல் அகலம்தான் நெய்திருந்தான். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டும் கயிற்றைப் பிடிக்க வலது கை மடங்கவில்லை. மனைவி ராதிகா அவன் கையை வெந்நீரில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். நடுவிரலைத் தொட்டதும் பல்லைக் கடித்தான்.

சிக்குன்குனியா வந்து நான்கு மாதம் ஆகிறது. ஜுரத்தின் இரண்டாம் நாளே முதலாளி சிவப்பிரகாசம் அவனைத் தன் வண்டியில் ஏற்றி, தெரிந்த கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். தறியில் கல்யாணப் புடவை பாதியில் நின்றது. வேறு ஆளை உட்கார வைக்க முடியாது. ஒருவன் அடிக்கும் அடி இன்னொருவனுக்கு வராது, கை மாறிய இடத்தில் துணியில் கோடு விழும் என்றார். ஊசி போட்டார்கள். சாயங்காலமே ராஜவேலு தறியில் இருந்தான். பிறகு வாரம் ஒருமுறை, காகிதத்தில் மடித்த மாத்திரைகள் முதலாளியிடமிருந்து வந்தன. ஆவணி முகூர்த்தம் முடிந்ததும் நின்றுபோயின. நின்ற நான்காம் நாள் அவன் வாசலில் மயங்கி விழுந்தான்.

“ரெண்டாம் நாளே ஸ்டீராய்டா? அதுவும் ரெண்டு மாசமா?” என்று அரசு மருத்துவமனை டாக்டரம்மா சத்தம் போட்டார். “படிப்படியா குறைக்காம பட்டுனு நிறுத்தியிருக்கீங்க. சர்க்கரை வேற ஏறியிருக்கு. மூணு மாசம் தறிப்பக்கம் போகாதீங்க.”

தறி போய்விடும் என்ற பயத்தில் மூன்றாம் வாரமே உட்கார்ந்துவிட்டான்.

இன்று வெந்நீர் ஆறுவதற்குள் சிவப்பிரகாசம் இரண்டு ஆட்களோடு உள்ளே வந்தார். துணியைப் பார்த்தார்.

“இன்னாடா, நாலு விரலா? ஆர்டர யாரு குடுக்கறது?”

“கை வரலைங்க மொதலாளி. ரெண்டு மாசம் டைம் குடுங்க.”

“மூஞ்சியப் பாரு, பன்னு மாரி கீது. நோவுல கெடக்கறவன் மூஞ்சா இது?”

“அது நீங்க குடுத்த மாத்திரையில உப்பினதுங்க” என்றாள் ராதிகா. “இன்னா மருந்துன்னு அந்த கிளினிக்குல ஒரு சீட்டாவது வாங்கிக் குடுங்க. டாக்டரம்மா கேட்டுகினே இருக்காங்க.”

“நானா ஊசி போட்டேன்? நல்லது பண்ணா இதான் பேஜாரு. ஜெயக்குமார் வூட்ல தறி சும்மா கெடக்கு. ஜக்கார்டு பொட்டியும் பாவும் அங்க போவட்டும்.”

“பாதிப் பொடவைங்க அது. கை மாறினா கோடு வுழாதா?”

“வுழுந்தா மடிப்புல போயிடும். கட்றவங்களுக்கு இன்னா தெரியும்?”

“அப்ப அன்னிக்கும் மடிப்புல போயிருக்குமே!” ராதிகாவின் குரல் தெருவுக்குக் கேட்டது. “ஜொரத்தோட கெடந்த மனுசன ஏன் இட்டுகினு போனீங்க?”

சிவப்பிரகாசம் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

மதியத்துக்குள் பூவேலை போடும் ஜக்கார்டு பெட்டி தறியின் மேலிருந்து இறங்கியது, பாவு நூல் சுருட்டப்பட்டது. வெறும் மரச்சட்டமும் தரையில் கால் வைக்கும் குழியும் மட்டும் மிஞ்சின. ராஜவேலுவுக்கு முட்டி முழுதாக மடங்காது. பாயில் உட்கார முடியவில்லை. குழியின் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே தொங்கவிட்டான். ராதிகா சோற்றைப் பிசைந்து ஊட்டினாள்.

முதலாளியின் ஆள் பரசுராமன் திரும்பி வந்தான். “பல்பு அவுரு வாங்கிப் போட்டதாமே. கழட்டிகினு வரச் சொன்னாரு.”

குழியின் இரண்டு பக்கமும் காலை அகட்டி வைத்து, ராஜவேலுவின் தலைக்குமேல் எக்கினான்.

“கொஞ்சம் தலையச் சாய்ச்சிக்கண்ணே.”

ராஜவேலு சாய்ந்தான். மேலேயிருந்து ஒட்டடையும் தூசியும் உதிர்ந்தன. ராதிகா தட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள்.