எதிர் வீட்டில் இருந்த சாவி

தேவாலயக் கதவில் 'சாவி எதிர் வீட்டில்' என்று ஓர் அட்டை தொங்கும். அதைப் படித்துவிட்டு வருகிறவர்களில் யோக்கியன் யார், கள்ளன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது எதிர் வீட்டு சொலான்ஜ் பூர்தியேயின் நினைப்பு. முகத்துக்கும் முன்னால் வண்டி எண்ணைப் பார்ப்பாள். அன்று வந்த காரின் எண்பலகை ஓரத்தில் எழுபத்தைந்து என்று இருந்தது. பாரிஸ்! அப்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

இறங்கியவர்கள் கணவன் மனைவி. ஐம்பது தாண்டியிருக்கும். அவர் கழுத்தில் தொலைநோக்கி, அந்த அம்மாள் கையில் டார்ச்.

"வணக்கம் மதாம். தூண் சிற்பமெல்லாம் பார்க்கணும். இந்தப் பக்கத்துப் பழைய கோவிலா சுத்திட்டு வர்றோம். இது பதினேழாவது" என்றார் அவர்.

"பதினேழா? இந்த ஒண்ணப் பார்த்து முடிக்கவே எனக்கு அறுபது வருஷம் பத்தல. டார்ச் எதுக்கு?"

"உள்ள இருட்டா இருக்குமே."

"எங்க மாதாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். அடையாள அட்டையக் குடுங்க."

அட்டையை வாங்கி ஏப்ரனுக்குள் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டு, சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். சும்மா இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கத்து ஊரில் இப்படித்தான் மரியாதை தெரிந்த ஒரு ஜோடி வந்தது. போகும்போது அந்தோணியார் சுரூபத்தையும் பையில் போட்டுக்கொண்டு போனது. இங்கே இருப்பதோ எண்ணூறு வருட மாதா. வாதுமை மரத்தில் செதுக்கியது, மடியில் குழந்தையோடு. புருஷன் போன பிறகு சொலான்ஜ் மனம் விட்டுப் பேசுவது அவளிடம் மட்டும்தான். சனிக்கிழமைதோறும் தூசி தட்டியபடி ஊர்க்கதை முழுவதும் சொல்லிவிடுவாள்.

வீட்டில் பருப்பு அடுப்பில் இருந்தது. அதைக் கிளறிவிட்டு ஓடிவந்து கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். அந்த அம்மாள் டார்ச் அடிக்க, அவர் மாதாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். விரலை மடக்கித் தட்டவும் செய்தார். சொலான்ஜ் யோசிக்கவில்லை. கதவை இழுத்துச் சாத்தி இரண்டு சுற்றுப் பூட்டிவிட்டு, மேயருக்குப் போன் போட்டாள்.

"ரெஜிஸ், பிடிச்சுட்டேன்! மாதாவைத் தூக்க வந்தவங்கள உள்ள போட்டுப் பூட்டிட்டேன்!"

"ஐயோ சொலான்ஜ்! போலீசுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. இதோ வர்றேன்."

மதியச் சாப்பாட்டை விட்டு எழுந்திருக்கிற ஆள் இல்லை ரெஜிஸ். கழுத்தில் செருகிய துணியோடு மூச்சிரைக்க வந்து நின்றான். இவனுக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று சொலான்ஜுக்கு அவன் மேலும் ஒரு சந்தேகம் வந்தது.

கதவைத் திறந்ததும் பாரிஸ்காரர் கத்தினார். மனைவி அவரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

"இந்தப் பொம்மைய யாரு மதாம் திருடப் போறா? இது மரமே இல்ல, பிளாஸ்டிக் மாதிரிப் பிசின்ல வார்த்தது. முதுகுல அச்சுக் கோடு கூட இருக்கு, தொட்டுப் பாருங்க."

"வார்த்தைய அளந்து பேசுங்க! ரெஜிஸ், நீ சொல்லேன் இவங்களுக்கு."

ரெஜிஸ் தரையைப் பார்த்தான். "பக்கத்து ஊர்ல திருட்டு நடந்துச்சே, அந்த வாரமே மாத்திட்டோம் சொலான்ஜ். அசல் பத்திரமா இருக்கு."

"மாத்திட்டோம்னா யாரெல்லாம்?"

"கவுன்சில்ல பதினோரு பேரும். அப்புறம் பாதிரியார். வேன் அவனோடதுங்கறதால ரொட்டிக்கடைக்காரன்."

இரண்டு வருடம். இந்தப் பிசினிடமா அத்தனையும் சொல்லி அழுதோம்? முகம் கொஞ்ச நாளாகப் பளிச்சென்று இருந்ததைத் தன் தூசி தட்டலின் பெருமை என்றல்லவா நினைத்திருந்தாள்! அவமானத்தில் காது சுட்டது. அதைவிடக் கோபம்.

"சாவி என்கிட்ட. என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் பேசறீங்க. யாரை நம்பறதுன்னு தெரியாத காலம்..."

பாரிஸ்காரர்கள் சத்தமில்லாமல் நகர்ந்து ஒரு தூணின் பின்னால் போய் நின்றார்கள். அவர்கள் முன்னால் இதைக் கேட்க நேர்ந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இப்ப எங்க இருக்கா?"

"அதை மட்டும் கேக்காதீங்க" என்றான் ரெஜிஸ்.

"சரி, இடம் சொல்ல வேணாம். கண்ணக் கட்டிக் கூட்டிட்டுப் போ. ஒரே ஒரு தடவ பார்த்துட்டு வந்துடறேன்."

அவன் கழுத்துத் துணியை உருவி நாலாக மடித்தான்.

"செவ்வாக்கிழமை கூட்டம் இருக்கு" என்றான். "கவுன்சில்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனே."