சுவரில் போட்ட முத்து

ஐப்பசி மழை ஒருவழியாக ஓய்ந்தது. கீழப்பழுவூரில் அதற்குப் பிறகும் ஓயாதது பூசாரி கொளஞ்சியப்பனின் வாய் மட்டும்தான்.

பொன்னாயி வீட்டு மண்சுவர் இடுப்பளவுக்கு ஈரம் குடித்திருந்தது. உள்ளறையில் அந்த ஈரத்தின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பொட்டுப் பொட்டாகக் கிளம்பியிருந்தது. அதைப் பூசணம் என்று சொன்னவள் பொன்னாயி ஒருத்திதான். மற்றவர்களுக்கு அது அம்மை முத்து. பூசாரி வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா எறங்கியிருக்கா. மனுசங்க மேல எறங்காம செவுத்துல எறங்கினாளே, அது ஒங்க பாக்கியம். ஆத்தாளுக்குத் தண்ணி ஊத்தி அனுப்புற வரைக்கும் செவுத்தத் தொடாதீங்க. வெள்ளையடிக்காதீங்க. வூட்டுல தாளிக்காதீங்க."

புருஷன் தங்கராசு பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான். நல்லவன்தான். யார் என்ன சொன்னாலும் ஆட்டுவான், அவ்வளவுதான்.

பொன்னாயி தலையாட்டவில்லை. போன வருஷமும் இதே மழை, இதே சுவர், இதே பேச்சு. அப்போது அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேப்பிலை செருகி, கதவைச் சாத்தி, மூத்தவனை அந்த அறையிலேயே படுக்க வைத்தாள். ஆத்தா பக்கத்தில் இருக்கிறாள் என்று நம்பித்தான் படுக்க வைத்தாள். பையன் இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். உடம்பில் ஒரு முத்து கிடையாது. ஆத்தா அழைத்துக்கொண்டாள் என்றார்கள்.

இப்போது சின்னவள் காத்தாயி மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் கீச்சுக் கீச்சென்கிறது. இவளையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்து அழவா? பொன்னாயிக்கு ஆத்தாவிடம் பயம் உண்டு. அந்தக் கீச்சுச் சத்தம் அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் அறை மூலையில் கிடந்த தங்கராசுவின் தோல் செருப்பை எடுத்துவந்து அவன் முன்னால் போட்டாள். செருப்பு முழுக்க அதே வெள்ளைப் பொட்டு.

"இங்க பாருங்க. ஒங்க செருப்புலயும் முத்துப் போட்டிருக்கு. ஆத்தா செருப்புலயுமா எறங்குவா?"

தங்கராசு குனிந்து செருப்பைப் புரட்டிப் பார்த்தான். பக்கத்து அறையில் குடியிருக்கும் ஓரகத்தி பூங்காவனம் ஓடிவந்து, "சிவ சிவா, என்னா வாயிடி ஒனக்கு!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். கண்ணைப் பொத்திக்கொள்ளவில்லை. செருப்பை நன்றாகவே பார்த்தாள்.

"முத்துதானக்கா? கன்னத்துல போட்டுக்குங்க" என்றாள் பொன்னாயி.

யாரும் போட்டுக்கொள்ளவில்லை.

அரியலூர்ப் பக்கம் எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல்தான். பொன்னாயி காளவாய்க்குப் போய்ச் சுட்ட கல் ஒரு கூடை கொண்டுவந்தாள். வாசலில் பானையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். கல் சீறிக்கொண்டு கொதித்தது. தெருவே எட்டிப் பார்த்தது.

"தாளிக்கக் கூடாதுன்னாரே பூசாரி? நல்லா கேக்கட்டும், தாளிக்கிறேன்!"

பிள்ளையை வாசல் வெயிலில் கிடத்தினாள். பாயையும் பழந்துணியையும் வேலியில் போட்டாள். கதவை அகலத் திறந்து, வாயில் துணி கட்டிக்கொண்டு சுவரைச் சுரண்டினாள். சுரண்டியதைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கொட்டியபோது தெருப் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒதுங்கியே நில்லுங்கள் என்று நினைத்துக்கொண்டாள். நுனி நசுக்கிய தென்னைமட்டையால் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாள். கண் எரிந்தது, கை வெந்தது. ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

வெயில் சாய்வதற்குள் கொளஞ்சியப்பன் வேப்பிலைக் கொத்தோடு வந்துவிட்டார். பின்னால் பாதித் தெரு.

"ஆத்தாளைச் சொரண்டிக் குப்பையில கொட்டிட்டியே, பாவி! ஈரச் சேலையோட கோயிலைச் சுத்தி வந்து, தப்புப் பண்ணிட்டேன் தாயேன்னு மாப்புக் கேளு. இல்லேன்னா இந்தத் தெருவுல ஒனக்குத் தண்ணி கெடையாது."

"கேட்டுடு புள்ள, ஒரு வார்த்தைதானே" என்றான் தங்கராசு.

பொன்னாயி மட்டையைக் கீழே வைக்கவில்லை.

"பொங்கலுக்கு வெள்ளையடிச்சுத்தானே சாமிய வூட்டுக்குள்ள கூப்புடுறோம்? வெள்ளையடிச்சதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போற சாமிய நான் கண்டதில்ல."

"எதுத்துப் பேசாத. தப்புப் பண்ணுனியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"பண்ணுனேன்."

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது.

"போன வருசம் பண்ணுனேன். ஒங்க பேச்சக் கேட்டு எம்புள்ளய அந்த ஈரத்துல போட்டு வச்சேன். அதுக்கு மாப்புக் கேக்கத்தான் வேணும். வாங்க, போவலாம். அவனப் பொதைச்ச எடத்துக்குப் போவலாம். நான் ஈரச் சேலையோட வரேன். நீங்க ஈர வேட்டியோட வாங்க."

பூசாரியின் வாய் ஓய்ந்தது. கூட்டத்தில் யாரும் நகரவில்லை. தங்கராசு மட்டும் வாசலில் இருந்த குடத்தைத் தூக்கி, தண்ணீரைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

"வா புள்ள" என்றான். "நாம போவலாம்."