சாவி காட்டுங்க

நிழலம்மா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. இருபத்திரண்டு வயது மகளுக்கு முன்னும் பின்னும் நிழலாகவே அலைந்ததில் விழுந்த பெயர். மகளுக்கு எதுவும் மெதுவாகத்தான் ஏறும், ஏறியது இறங்காது. இது நிழலம்மாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அறிவுத்திறன் குறைபாடுள்ள இளையவர்களுக்கு வேலை பழக்கும் மையத்தில் எட்டு மாதம் பழகிவிட்டு, அன்றைக்கு ஒரு தங்கும் விடுதியில் மகளுக்குப் பரீட்சை. ஓர் அறையைத் தனியாளாக நாற்பது நிமிஷத்தில் தயார் செய்ய வேண்டும். செய்தால் வேலை, இல்லையென்றால் மறுபடி மையம்.

"அம்மா வரவேண்டாம்" என்று, மகளைக் கூட்டிப்போக வந்த மையத்து டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நிழலம்மா காதில் போட்டுக்கொண்டால்தானே! அடுத்த பஸ்ஸைப் பிடித்து, தங்க வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மாடியேறிவிட்டாள்.

அறைக்கதவு திறந்துதான் கிடந்தது. மகள் விரிப்பை உதறிப் போட்டு, மூலைகளைக் கடித உறைபோல் மடித்து மெத்தைக்கு அடியில் செருகினாள். பேருக்குக்கூட ஒரு சுருக்கம் இல்லை. வீட்டில் இவள் போர்வையை இதுநாள்வரை மடித்தது யார்? நிழலம்மாதான். அதோடு திரும்பியிருக்கலாம். தலையணை உறையின் வாய் ஜன்னல் பக்கம் இருந்தது கண்ணில் பட்டுத் தொலைத்தது. அவள் கணக்கில் அது தப்பு. மகள் குளியலறைக்குள் போனதுதான் தாமதம், பூனைபோல் நுழைந்து இரண்டு தலையணைகளையும் திருப்பி வைத்தாள்.

"யாரு?" குளியலறை வாசலில் மகள், கையில் பிரஷ்ஷோடு.

"கத்தாதடி. சின்னத் தப்பு, சரி பண்ணிட்டேன். நான் வந்தத யார்கிட்டயும் சொல்லிடாத."

"சாவி காட்டுங்க."

"என்னது?"

"ரூம் சாவி. சாவி இல்லாம யாரும் க்ளீன் பண்ணும்போது உள்ள வரக்கூடாது. டீச்சர் சொன்னாங்க."

"அடியே, பெத்தவகிட்டயே சாவி கேக்கறியா?"

மகள் நிஜமாகவே யோசித்தாள். "பெத்தவங்களுக்குன்னு தனியா ஒண்ணும் சொல்லலம்மா." அறையிலிருந்த போனை எடுத்தாள். "சூப்பர்வைசர் சார்? முப்பத்தாறாம் ரூம். சாவி இல்லாம ஒருத்தங்க வந்திருக்காங்க. தலகாணிய வேற திருப்பிட்டாங்க. இல்ல சார், பயமெல்லாம் இல்ல. எங்கம்மாதான்."

சூப்பர்வைசரும் டீச்சரும் ஓடிவந்தார்கள். எட்டு மாத உழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று நிழலம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"சார், தப்பு என்மேலதான். அவள ஒண்ணும்..."

"உறையோட வாய் கதவுப் பக்கம் தெரியக்கூடாதும்மா. அவ சரியாத்தான் வச்சிருந்தா," என்றார் சூப்பர்வைசர். பிறகு மகளிடம் திரும்பினார். "வருஷக்கணக்கா இருக்கறவங்களே தெரிஞ்ச மொகம்னா விட்டுடறாங்க. திங்கக்கெழம ஏழு மணிக்கு வேலைக்கு வந்துடு."

"சரி சார். ஆனா இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு. பாத்ரூம் முடியல," என்றாள் மகள், தலையணைகளைப் பழையபடி திருப்பிக்கொண்டே. "எல்லாரும் வெளிய நில்லுங்க."

மூவரும் நடையில் வரிசையாகப் போய் நின்றார்கள். நிழலம்மா மட்டும் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். எட்டிப் பார்க்காமல் இருக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.