பாய்மரம் இறக்கிய படகு

சிவசங்கரனின் கைக் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டியது முதலிலா, அவருடைய போன் அலறத் தொடங்கியது முதலிலா என்று இப்போது கேட்டால் மனைவி நிருபமாவால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஐஸ் பெட்டி வந்துவிட்டிருந்தது, வெளியே மழை பிடித்திருந்தது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

மகள் தாரணி போனை எடுத்துப் பார்த்தாள். பூட்டிய திரையில் சிவப்பாக ஒரு வரி: படகுக்குள் தண்ணீர்.

கார்வாரில் நங்கூரமிட்டு நிற்கும் படகு அது. ஓய்வு பெற்ற பிறகு வாங்கியது. அடுத்த மாதம் கொச்சி வரை போவதாக இருந்தார். மழைக்காலம் முடிந்தது என்று நம்பி, பாய்மரத்தை இறக்கிப் பட்டறைக்கு அனுப்பி, மரம் நின்ற ஓட்டையைத் தார்ப்பாயால் மூடியிருந்தார். காற்றுமானி, ரேடியோ, விளக்கு எல்லாவற்றுக்கும் புது ஒயர் இழுத்தபோது, தண்ணீர் இறைக்கும் பம்பையும் தன் போனிலிருந்து மட்டும் ஓடும்படி மாற்றிவைத்தார். எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்தவர், வேறு யார் கையையும் நம்பமாட்டார். போனை விரல் வைத்துத் திறப்பார். அதைத் திறக்கும் ரகசிய நம்பர் யாருக்கும் தெரியாது.

முந்தின நாள் சாப்பாட்டு மேசை முழுக்க ஒயரும் மீட்டருமாகக் கிடந்ததைப் பார்த்து, "அந்தப் படகு முழுகித் தொலைஞ்சாதான் எனக்கு நிம்மதி" என்றாள் நிருபமா. அவர் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் படுக்கப் போனார். காலையில் எழுந்திருக்கவில்லை.

பட்டறைக்காரி கேரலைத் தாரணி கூப்பிட்டுக் கேட்டாள். தார்ப்பாய் பறந்துவிட்டதாம். இந்தக் காற்றில் படகு வரைக்கும் யாரும் போக முடியாதாம். பம்பு ஓடாவிட்டால் மூழ்கிவிடுமாம்.

தாரணி பெட்டியருகே மண்டியிட்டு, கண்ணாடி மூடியில் கை வைத்து, தலைமாட்டில் நின்ற அப்பாவின் அண்ணனைப் பார்த்தாள்.

"விரல்கட்ட மட்டும் அவுத்துக்கறேன் பெரியப்பா. ஒரே நிமிஷம்."

"கட்டுனத அவுக்கறதா? உனக்கு இப்ப படகுதான் முக்கியமா?"

"எனக்கில்ல. அப்பாவுக்கு."

ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. போன் மறுபடி அலறியது.

நிருபமா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம் தோசைமாவு கரைத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து, அவள் கட்டை விரலைத் துடைத்து, போனில் திரும்பத் திரும்ப வைத்து எடுத்தார். எதற்கு என்று கேட்டாள். "இருக்கட்டும்" என்றார். ஏதோ ஆதார் வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

"அவரத் தொடாத. போன இங்க குடு" என்றாள் நிருபமா.

விரலில் விபூதி இருந்தது. வைத்தாள், திறக்கவில்லை. சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்து மறுபடி வைத்தாள்.

திறந்தது.

பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போனார். தாரணி காட்டிய பொத்தானை நிருபமா அழுத்தினாள். சிவப்பு வரி மறையும்வரை போனை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியருகே உட்கார்ந்திருந்தாள்.

மதியத்துக்கு மேல் எடுத்தார்கள். படகு மூழ்கவில்லை. பெரியப்பா சில மாதம் பேசாமலிருந்து பிறகு பேசினார். தாரணி ஆபீசுக்குத் திரும்பினாள். கேரல் பாய்மரத்தை ஏற்றிவிட்டாள். படகை இதுவரை யாரும் கடலுக்குள் எடுத்துப் போகவில்லை. பம்பு தானாகவே ஓடும்படி மாற்றித் தரட்டுமா என்று கேரல் கேட்டதற்கு நிருபமா வேண்டாம் என்றுவிட்டாள். கார்வாரில் மழை பெய்தால் வைட்ஃபீல்ட் வீட்டில் போன் அலறும். கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வருவாள்.