இழைப்புளியின் வாய்

பழைய தச்சுக் கருவிகளைச் செப்பனிட்டுக் கொடுப்பதுதான் அவள் தொழில். கடைத்தெருவில் அவளுக்கு ‘உளியக்கா’ என்றே பேர். அன்று மத்தியானம் கணவன் மரம் வாங்கப் போயிருந்தான். கடையில் தனியாக இருந்தபோதுதான் அந்த ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். துணியில் சுற்றிய, பலகை இழைக்கும் மர இழைப்புளி ஒன்றை மேசைமேல் வைத்தார்.

ஊருக்கு வெளியே விடுதி கட்டியிருக்கிறாராம். வரவேற்பறையில் அலங்காரத்துக்கு வைக்கவேண்டும், எந்தக் காலத்துப் பொருள் என்று சொல்லி, சுத்தம் பண்ணித் தரமுடியுமா என்று கேட்டார். பரணில் கிடந்த தாத்தா சொத்து என்றார்.

மரம் கருத்துப் போயிருந்தது. அவள் ஆப்பைத் தட்டிக் கழற்றி அலகை உருவினாள். துரு பொருக்காக உதிர்ந்தது. முன்முனையில் செய்தவரின் முத்திரை லேசாகத் தெரிந்தது. கப்பல் தச்சர்கள் வைத்திருந்த வகை, நூறு வருஷத்துக்குக் குறையாது என்று சொல்லிக்கொண்டே அதைத் திருப்பினாள்.

அடிப்பக்கம், அலகு எட்டிப் பார்க்கும் வாயருகே, வேறு மரத்தில் ஒரு சின்ன ஒட்டு இருந்தது. இடது ஓரம் கொஞ்சம் கோணல்.

அந்தக் கோணல் அவள் கையால் விழுந்தது. தம்பியின் இழைப்புளிக்கு அவள் போட்ட ஒட்டு அது. தச்சு வேலைக்கென்று கிளம்பிப் போன தம்பி திரும்பவேயில்லை. அவனும் இல்லை, அவன் கருவிப்பெட்டியும் இல்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் தூரிகையால் உள்ளே துழாவினாள். காய்ந்த சேறு உதிர்ந்தது. கூடவே கடுகளவு நத்தைக்கூடு ஒன்று. தண்ணீரில் வாழும் நத்தை. பரணில் அது ஏறாது.

“தண்ணிக்குள்ள கெடந்திருக்கு,” என்று வாய் தவறி வந்துவிட்டது.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. எழுந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கினார். “வெயில் கண்ணுல அடிக்குது” என்றார். திரும்பி வந்து உட்காரவில்லை. அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றார்.

“எப்படிச் சொல்றீங்க?”

நத்தைக்கூட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். எப்படியோ பேச்சைப் பிடித்தாள்.

“மரம் கருத்திருக்கே. உங்க பரண் ஒழுகுமா?”

“ஆமா,” என்றார் அவர், அவளையே பார்த்தபடி. “மழைக்கு ஒழுகும். ஏன் கை நடுங்குது?”

“காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை, சார். அதான்.”

இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயம் ஒருபக்கம், போகாமல் நின்றுவிடுவாரோ என்ற பயம் மறுபக்கம். இது ஒன்றை மட்டும் வைத்தால் பார்வைக்கு எடுபடாது, கூட ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துச் செய்து தருகிறேன் என்றாள். அவர் முகம் மெல்ல இளகியது. ஒரு பெட்டியே இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று விடுதியின் பெயரையும் சொல்லிவிட்டு, இழைப்புளியை மேசையிலேயே விட்டுக் குனிந்து வெளியேறினார்.

கார் சத்தம் ஓயும்வரை காத்திருந்தாள். அடுத்த கடைத் தையற்காரரைக் கூப்பிட்டுத் துணைக்கு உட்காரவைத்துக்கொண்டுதான் போலீசுக்குப் பேசினாள்.

வந்த இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் ஒரு மரத்துண்டை நம்பி ஒருவர் வீட்டுக்குள் நுழைய முடியுமா என்றார்.

“சார், இந்த ஒட்டை நான் இன்னும் பேர்க்கலை. உள்ள பிஸ்கட் டப்பாத் தகரம் ஒரு துண்டு இருக்கும். பச்சைப் பெயிண்ட் அடிச்சது. ஒட்டு லூசா இருந்துச்சுன்னு நான்தான் சந்துல செருகினேன். நீங்களே பேர்த்துப் பாருங்க.”

அவர் உளியை வாங்கி நெம்பினார். ஒட்டு தெறித்து விழுந்தது. துருவுக்கு நடுவே பச்சை. இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

விடுதியின் பின்புறம், பலகை போட்டு மூடிய ஒரு கிணற்றில் தம்பி கிடைத்தான். எலும்பாக. கிணற்றுக்கு மரச்சட்டம் அடிக்கும்போது தவறி விழுந்துவிட்டான், பயத்தில் பெட்டியையும் உள்ளே போட்டு மூடிவிட்டேன் என்று அந்த ஆள் ஸ்டேஷனில் சொன்னாராம். நிஜமா என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் வற்றிய கோடையில் உள்ளே இறங்கிப் பெட்டியைத் தூக்கியவர், பக்கத்தில் கிடந்ததை அங்கேயே விட்டு மறுபடி மூடியிருக்கிறார். அப்படிப்பட்டவரோடுதான் பாதி மூடிய கடைக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அம்மாவிடம் அவளே போய்ச் சொன்னாள். அம்மா அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“விழுந்ததும் உயிர் போயிருக்குமா, இல்ல கூப்பிட்டுக்கிட்டே கெடந்திருப்பானா?”

அவளை இரவெல்லாம் தின்றுகொண்டிருந்த கேள்வியும் அதுதான்.

“உடனேம்மா,” என்றாள். “டாக்டர் சொன்னார்.”

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.