கந்தகக் கழுகின் ஆறாவது விரல்

படக்கதை இதழ் என்றால் முதலில் கதை, பிறகு படம், கடைசியில் அட்டை என்றுதான் பலரும் நினைப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் வரிசை தலைகீழ். அட்டைக்கு நான்கு நிறம். மஞ்சள் அடித்து, அது காய்ந்ததும் சிவப்பு, பிறகு நீலம், கடைசியாகக் கறுப்பு. உள்பக்கங்களுக்கு வெறும் கறுப்பு. இரண்டே நாளில் ஓட்டிவிடலாம். அதனால் அட்டை மூன்று வாரம் முன்பே அச்சாகிவிடும். அதில் என்ன கூத்து நடக்கிறதோ அதற்குக் காரணம் கண்டுபிடிப்பதுதான் கதை எழுதுபவரின் வேலை. குமிழிகளுக்குள் வசனம் எழுதுவது என் வேலை.

கதை எழுதுபவர் ஒரு பெண். ஏழு வருடமாகக் 'கந்தகக் கழுகு' என்ற முகமூடி வீரனின் சாகசங்கள் அத்தனையும் அவர் எழுதியவைதான். முதல் பக்கக் கட்டத்தில் அச்சாவது மட்டும் முதலாளியின் மருமகன் பெயர்.

"இந்த இதழ்லயாவது என் பேரைப் போடுங்க சார்" என்று அவர் மாதாமாதம் கேட்பார்.

"பார்க்கலாம்மா" என்பார் முதலாளி. பார்த்ததில்லை.

அந்த மாத அட்டையில் கழுகு மேயரிடம் பதக்கம் வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குக் கையசைக்கிறான். அந்தக் கையில் ஆறு விரல். கட்டைவிரலைத் தப்பான பக்கம் போட்ட ஓவியர், சரியான பக்கம் இன்னொன்று வரைந்துவிட்டு, பழையதை அழிக்க மறந்துவிட்டார். இருபதாயிரம் அட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"அண்ணே, எண்ணித்தான் வரைஞ்சீங்களா?" என்று ஓவியரைக் கேட்டார் கதை எழுதுபவர்.

"குறைஞ்சிருந்தாத் தப்பும்மா. கூடத்தானே இருக்கு?"

முதலாளி மேசையைத் தட்டினார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்குக் காரணம் வேணும்."

இந்தத் தொழிலில் எல்லாப் பூட்டுக்கும் மூன்றே சாவிகள். கதை எழுதுபவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்.

"மர்மக் கதிர் பட்டுடுச்சு?"

"போன மாசம்தான் கதிர் பட்டு அவன் தலை பூசணிக்காயாச்சு."

"எல்லாம் கனவு?"

"வாசகருங்க கல்லெடுத்து அடிப்பாங்க."

"கூடப் பிறந்த இரட்டையன்?"

"ஏற்கெனவே மூணு இரட்டையன் இருக்கானுங்க. பெத்தவ பாவம்மா!"

அவர் சற்று யோசித்தார். "அப்ப போலி. வேற ஒருத்தன் கழுகு வேஷம் போட்டு வந்து பதக்கத்தை வாங்கிட்டுப் போறான்."

"ஊர்ல ஒருத்தரும் கண்டுபிடிக்கலையா?"

"கழுகு மூக்குக்கண்ணாடி மாட்டினா, அவனைக் கட்டிக்கப் போறவளுக்கே அடையாளம் தெரியாத ஊரு சார். விரலையா எண்ணப் போறாங்க?"

முதலாளிக்கு அது நியாயமாகப் பட்டது.

மறுநாள் பன்னிரண்டு பக்கங்கள் என்னிடம் வந்தன. கழுகு தீயை அணைக்கிறான். சரியும் பாலத்தை முதுகில் தாங்குகிறான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். புகை அடங்கியதும் போலி வந்து, முடியைக் கோதிக்கொண்டு கேமரா முன் நிற்கிறான். பதினோராம் பக்கத்தில் முகமூடி கழல்கிறது. உள்ளே இருப்பவன் மேயரின் மருமகன்.

என் பேனா நின்றது. நிமிர்ந்து, கதை எழுதியவரைப் பார்த்தேன்.

"மை காயுது, எழுதுங்க" என்றார்.

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்த மேயர் சரியான மடையன்மா!" என்று சொல்லித் தாள்களை மருமகனிடம் நீட்டினார். மருமகன் தன் கதையை முதன்முறையாகப் படித்தார். பதினோராம் பக்கத்தில் அவர் காது சிவந்தது.

"மாமா, இதுல என் பேரு வேண்டாம்."

"ஏன் மாப்ளே? நல்லாத்தானே இருக்கு?"

"விரல் கணக்கெல்லாம்... சின்னப்பிள்ளைத்தனமா இருக்கு."

"இத்தனை வருஷம் பூசணித் தலைக்கெல்லாம் பேரு போட்டுக்கிட்டீங்களே, அப்ப இல்லாத கூச்சமா? கட்டம் காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? யாரு பேரைப் போடறது?"

கதை எழுதியவர் சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"எழுதினவங்க பேரையே போட்டுடுங்க மாமா" என்றார் மருமகன், தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் கட்டத்தைத் துடைத்து, கோடு போட்டு, பேனாவை மையில் தோய்த்தேன். கதை எழுதியவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இனிஷியலை விட்டுடாதீங்க" என்றார்.