கை உயர்த்துகிறவர்கள்

கொழும்பில் பாமன்கடைப் பகுதியில் வாப்பாவின் ஆல்டோ கார் மோதி ஒரு முதியவர் இறந்து ஒரு வருடமாகிறது. அவர் கையை உயர்த்தியதை வாப்பா கடைசி நொடியில்தான் கண்டார். அதன்பின் இருட்டில் கார் ஓட்டவேயில்லை. வெளிச்சம் நன்றாக இருந்தால் ஓட்டலாம் என்று அவரே சொன்னதால், இன்று வெள்ளவத்தையில் ஒரு கடையில், காருக்குக் கூடுதல் ஒளி தரும் செனான் முகப்பு விளக்குப் பூட்டினோம்.

பழைய விளக்குக் கூட்டுக்குள்ளேயே புது பல்பை மாட்டிவிட்டு, "ஹாஜியார், இனி றோட்டுல எறும்பு போனாலும் நீங்க சலாம் செல்லலாம்," என்றார் கடைக்கார சப்ரி. வாப்பா சிரித்தார்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு, இருட்டியதும் புறப்பட்டோம்; வாப்பாதான் ஓட்டினார். தெரு பகல்போல் வெளுத்தது. எதிரே வந்த சைக்கிள்காரர் கண் கூசி, முகத்துக்கு முன்னே கையை உயர்த்தினார். அடுத்து ஒரு முச்சக்கரவண்டிக்காரர். பிறகு வீதியைக் கடக்க நின்ற ஒரு பெண். அந்தக் கூடு சாதாரண பல்புக்கானது, இந்த ஒளியை அது மேலே சிதறடிக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வாப்பா காரை ஓரத்தில் நிறுத்தினார்.

"எல்லாரும் அவரப் போலவே கைய உசத்துறாங்க, மகள்."

"வெளிச்சம் கண்ணுல அடிக்குது வாப்பா. அதுதான்."

"நீங்க ஓட்டுங்க."

அவர் இறங்கி, இருக்கை மாறுவதற்காகக் காருக்கு முன்னால் சுற்றி வந்தார். விளக்கு அணைக்கப்படாமல் இருந்தது. வெளிச்சம் முகத்தில் பட்டதும் அவருடைய கையும் உயர்ந்தது.